டெக்கால் உட்காராத ஸ்பிட்ஃபயர்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை. கும்பகோணத்தில் என் டிடிபி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அப்போதுதான் தம்பி வந்து நின்றான். கூடப் பிறந்தவன் இல்லை. திருவிடைமருதூர்ப் பக்கத்துப் பையன், தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிறான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் போட வந்த இடத்தில், பின்னறையில் நான் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவதைப் பார்த்துவிட்டு அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டவன். கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். திறந்தால் பஞ்சுக்கு மேல் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் துண்டு, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

"அண்ணே, மூணு நாள் வேலை. வெள்ளை பூத்துக் கிடக்கு பாருங்க. டெக்கால் மட்டம்ணே."

அவன் செய்துகொண்டிருந்தது 1/48 அளவில், அதாவது அசலில் 48இல் ஒரு பங்காக, ஸ்பிட்ஃபயர் மார்க் 8 என்ற இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானத்தின் மாடல். இந்திய விமானப்படையின் 8வது ஸ்குவாட்ரன் 1944இல் இந்த ரகத்துக்கு மாறி பர்மா முனையில் பறந்தது. நம்ம ஊர் விமானி உட்கார்ந்த விமானம் என்பதால்தான் அதை எடுத்தான். டிபன் பாக்ஸில் இருந்தது அதன் இன்ஸ்ட்ருமென்ட் பேனல், அதாவது விமானிக்கு முன்னால் டயல்கள் வரிசையாக இருக்கும் பலகை. கிட்டின், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டியின், பெயர் இங்கே தேவையில்லை. அதன் மேல் குறையும் இல்லை. டெக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படம், அதன் மேலும் பெரிதாகக் குறை இல்லை என்பது பிறகு தெரிந்தது.

அளவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. விமானங்களில் பரவலாக இருக்கும் பெரிய டயலின் குறுக்களவு 3⅛ அங்குலம், கிட்டத்தட்ட 80 மில்லிமீட்டர். 48ஆல் வகுத்தால் 1.7 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கடுகு. 1/72இல் என்றால் 1.1. 1/32 வாங்கினால் 2.5 வரும், ஆனால் விலையும் அதே வேகத்தில் ஏறும். அந்தக் கடுகுக்குள் முள்ளும் எண்ணும் கோடும் இருக்க வேண்டும். தூரிகையால் அதை எழுதும் ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நான் அந்த ஜாதி இல்லை. எனக்கு டெக்கால்தான் கதி.

லென்ஸுக்கு அடியில்

வாட்ச் கடைக்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்று என்னிடம் உண்டு. அதில் பார்த்தபோது ஒரே இடத்தில் நாலு விதமான சேதம் தெரிந்தது. டயல்களுக்கு இடைப்பட்ட கறுப்புப் பரப்பு முழுக்க மீன் செதிள் மாதிரி வெள்ளி மினுமினுப்பு. கிட்டில் ஒவ்வொரு டயலைச் சுற்றியும் சின்ன வளையம் மேடாக வார்க்கப்பட்டிருக்கிறது. பேனல் முழுமைக்கும் ஒரே டெக்காலாக வந்ததை அதன் மேல் போட்டிருக்கிறான். அது கல்யாணப் பந்தல் மாதிரி மேட்டுக்கு மேடு இழுத்துக் கட்டி நிற்கிறது, பள்ளத்தில் இறங்கவே இல்லை. ஓரங்களில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை வளையங்கள். கடைசியாக, மேல் வரிசையில் இரண்டு டயல்களின் எழுத்து கரைந்து மை ஓடியிருக்கிறது.

"இந்த ரெண்டுல என்னடா பண்ணுன?"

"கண்ணாடி மாதிரி வரட்டும்னு அக்காவோட நெயில் பாலிஷ் வச்சேன், கலர் இல்லாததுதான்."

நெயில் பாலிஷில் இருப்பது அசிடேட் வகைக் கரைப்பான். டெக்காலின் மேலே இருக்கும் படலமும் லாக்கர் என்கிற வார்னிஷ் வகைதான். அதைக் கரைக்கும் திரவத்தையே கொண்டுபோய் அதன் தலையில் வைத்தால் வேறென்ன ஆகும்? அந்தச் சேதத்துக்கு விசாரணை அதோடு முடிந்தது.

மற்ற மூன்றும் அப்படி இல்லை. தண்ணீர் டெக்காலில் நாம் பார்ப்பது அடுக்குகள். கீழே காகிதம், அதன் மேல் தண்ணீரில் கரையும் பசை, அதற்கு மேல் மெல்லிய தெளிந்த படலம், படலத்தில் அச்சு. தண்ணீர் பட்டதும் பசை இளகும், படலம் நழுவி வரும். நாம் ஒட்டுவது அந்தப் படலத்தை மட்டும்தான். தம்பி பேனலுக்கு அடித்திருந்தது மேட் கறுப்பு. மேட் என்றால் பரப்பு பொடிப்பொடியாகச் சொரசொரப்பாக இருக்கிறது என்று அர்த்தம். படலம் அந்த மேடுகளின் நுனியில் மட்டும் தொட்டு நிற்கும், நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். படலத்துக்குள் போன வெளிச்சம் காற்றைத் தொடும் இடத்தில் திரும்பி வரும். அதுதான் வெள்ளி. பெயின்ட் மேல் தண்ணீர்த் துளி ஒன்றை வைத்தால் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரியுமே, கிட்டத்தட்ட அதன் எதிர்ப்பக்கம். எனவே டெக்காலுக்கு முன்னால் பளபளப்புப் பூச்சு ஒன்று அடித்துப் பள்ளங்களை நிரப்ப வேண்டும். கடைசியில் மேல் பூச்சால் மறுபடி மங்க வைத்துக்கொள்ளலாம். இது மாடல் செய்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் விஷயம். தம்பியும் படித்திருக்கிறான். "உள்ளே இருக்குற பேனல்தானே, யாருக்குத் தெரியப் போவுது" என்று விட்டுவிட்டான்.

சுண்ணாம்பு வளையம் நம்ம ஊர் விவகாரம். அவன் வீட்டில் போர் தண்ணீர். கெட்டியான தண்ணீர், துணி துவைத்தால் நுரை வராது. டெக்காலை ஊறவைத்த அந்தத் தண்ணீர் ஓரத்தில் காய்ந்ததும் உப்பு தங்கிவிட்டது. நம்புவதற்கு அவனுக்கு ஒரு காட்சி தேவைப்பட்டது. கண்ணாடித் துண்டில் போர் தண்ணீர் ஒரு சொட்டு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வரும்போது ஒன்று தடமே இல்லை, மற்றது வெள்ளை வட்டம். பேட்டரி தண்ணீர் எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். ஒரு கேன் வாங்கினால் பத்து விமானத்துக்கு வரும்.

என் பங்குக்கு நான் செய்த தப்பு

பழைய டெக்காலைச் செல்லோ டேப் ஒட்டி இழுத்தோம், உரிந்து வந்துவிட்டது. மிச்சத்தை ஈரத் துணியால் துடைத்தோம். அன்றைக்கே பளபளப்புப் பூச்சை அடித்துவிடுவோம் என்று, பெயின்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷை எடுத்தேன். வெளியே மழை கொட்டுகிறது. லாக்கர் கிளியர் அடித்து ஐந்து நிமிடத்தில் பேனல் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது.

பையனுக்குப் பாடம் எடுக்கும் வேகத்தில் ஈரத்தை மறந்துபோனேன். தின்னர் ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். குளிர்ந்த பரப்பில் காற்றில் இருக்கும் ஈரம் பனியாக இறங்கி, காய்ந்துகொண்டிருக்கும் லாக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அப்பளம்கூட நிமிடத்தில் நமுத்துப் போகும். அந்தக் காற்றில் லாக்கர் அடித்தது என் புத்தி.

நாலாம் நாள் வெயில் அடித்தது. காலை பத்து மணி சுமாருக்கு வெறும் தின்னரை மட்டும் மெல்லிசாகத் தூவினேன். வெளுப்பு தானாகத் தெளிந்தது. பூச்சு கொஞ்சம் இளகி, உள்ளே இருந்த ஈரம் வெளியேறிவிட்டது. அதன் மேல் இன்னொரு மெல்லிய பூச்சு. பிறகு அட்டைப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி, பல்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பேனலை வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்துவிட்டு இரண்டு நாள் விட்டோம். கிட்டே வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். கையை விட்டால் இதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தங்க ரேக்கும் கடுகு டயலும்

பூச்சு சரியாகிவிட்டது. ஆனால் பந்தல் பிரச்சினைக்குப் பூச்சு மருந்தில்லை. மேட்டு வளையங்கள் இருபதுக்கு மேல் ஒரே படலத்தை இறக்குவது எப்படி? வளையங்களை உப்புத்தாளால் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டு அதன் மேல் டெக்கால் போடுபவர்கள் உண்டு. சுலபம், சுத்தமாகவும் வரும். எனக்குப் பிடிக்காது. ஸ்பிட்ஃபயரில் நடுவே இருக்கும் ஆறு டயல் பேனல் தனிப் பலகை. அதிர்ச்சி தாங்கும் ரப்பர் மேல் மெயின் பேனலுக்குச் சற்று முன்னால் நிற்கும். கிட் அதை அழகாக மேடாக வார்த்துக் கொடுத்திருக்கும்போது தேய்த்து எடுப்பது பாவம். படலத்தை இளக்கும் திரவத்தை ஊற்றி ஊற்றி இழுக்கும் வழியும் உண்டு. ஒரே படலம் இருபது பள்ளத்துக்குள் இறங்க வேண்டுமென்றால் எங்காவது நீள வேண்டும், நீளும் இடத்தில் டயல் முட்டையாகும்.

இந்தக் குழப்பத்தோடு அந்த ஞாயிறு தஞ்சாவூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா நாற்பது வருஷமாகத் தஞ்சாவூர் ஓவியம் போடுபவர். திண்ணையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு தங்க ரேக் ஒட்டிக்கொண்டிருந்தார். சுக்கான் பொடியும் பசையும் குழைத்து நகைகளையும் மண்டபத்தையும் மேடாக எழுப்பி, அதன் மேல் ரேக் ஒட்டுவார்கள். கிருஷ்ணன் கழுத்து ஆரத்துக்கு ஒரே ரேக்காகப் போடாமல், ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாகச் சின்னச் சின்னதாக நறுக்கி வைத்திருந்தார்.

"ஏன் பெரியம்மா, ஒரே துண்டாப் போட்டா வேலை சீக்கிரம் முடியாதா?"

"போடலாம்டா. மணிக்கு மணி நடுவுல கூடாரம் போட்டுக்கிட்டு நிக்கும், அப்புறம் அழுத்துனா கிழியும். அதது உக்கார்ற இடத்துக்கு ஏத்த மாதிரி வெட்டிக்கணும்."

நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்கவே இல்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வழியில் தலைக்கு மேல் சுகோய் போர் விமானங்கள் இரண்டு இரைந்துகொண்டு போயின. தஞ்சாவூர் தளத்துக்கு 2020 ஜனவரியில் 222வது ஸ்குவாட்ரன் வந்ததிலிருந்து இந்தச் சத்தம் பழகிவிட்டது. அந்த விமானத்தில் டயலை விடத் திரைகள்தான் அதிகம். அதன் மாடல் செய்கிறவனுக்கு இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு என்று பொறாமையாக நினைத்துக்கொண்டேன்.

மாட்டு ஊசி

தனித்தனி டயலாக வெட்டுவது என்று முடிவானது. 1.6 மில்லிமீட்டர் வட்டத்தைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது. இதற்கென்றே வெளிநாட்டில் பஞ்ச் செட் விற்கிறார்கள். அதன் விலைக்கு இன்னும் இரண்டு கிட் வாங்கலாம். தம்பிதான் யோசனை சொன்னான். அவன் அப்பா கறவை மாடு வைத்திருக்கிறார்.

"அண்ணே, மாட்டுக்குப் போடுற ஊசி குழாய் மாதிரிதானே இருக்கு?"

கால்நடை மருந்துக் கடையில் 14 கேஜ் ஊசியும் 16 கேஜ் ஊசியும் வாங்கி வந்தோம். 14 கேஜின் உள்வாய் 1.6 மில்லிமீட்டர், 16இன் உள்வாய் 1.2. பெரிய டயலுக்கு முன்னது கச்சிதம். 2¼ அங்குலச் சின்ன டயலை 48ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய 1.2தான் வரும். அந்த ஊசிகள் இதற்காகவே செய்யப்பட்டவை என்று ஒரு நிமிடம் தோன்றியது.

ஊசியின் சாய்ந்த முனையைச் சாணைக்கல்லில் செங்குத்தாகத் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். பிறகு ஊசியை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே வெளிப்பக்கத்தை மட்டும் சாய்வாகத் தீட்ட வேண்டும். உள்பக்கம் தீட்டினால் வாய் விரிந்து அளவு போய்விடும். தீட்டி முடித்ததும் வாயில் ஒரு பிசிறு நிற்கும். பல்குச்சியை உள்ளே விட்டுத் திருகினால் போகும். டெக்காலைக் காகிதத்தோடு காய்ந்தபடியே கட்டிங் மேட்டில் வைத்து, லென்ஸில் பார்த்து டயலின் மேல் ஊசியை நிறுத்தி, அழுத்தி அரைச் சுற்றுத் திருகினால் போதும். வட்டம் ஊசிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்பக்கம் வழியாக மெல்லிய கம்பியை விட்டுத் தள்ளினால் வெளியே விழும். மின்விசிறியை அணைத்துவிட்டுத் தள்ளவும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உயரமானி ஒன்று இன்னும் என் பின்னறையில் எங்கோ கிடக்கிறது.

கிட்டின் டெக்கால் முதல் முயற்சியிலேயே போய்விட்டதால் என் பரணில் ஏழெட்டு வருஷமாக இருந்த டயல் ஷீட்டை எடுத்தோம். மஞ்சள் ஏறியிருந்தது. அப்படிப்பட்ட ஷீட்டை நேராக வேலைக்கு எடுக்கக் கூடாது. தேவையில்லாத எழுத்து ஒன்றை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். நினைத்தபடியே நாலாகச் சிதறியது. பழைய படலம் உலர்ந்து நொறுங்கும். ஷீட் முழுவதற்கும் லாக்கர் கிளியரை மெல்லிசாக ஒரு கை அடித்து, ஒரு நாள் காயவைத்து, இன்னொரு எழுத்தைப் போட்டோம். முழுசாக வந்தது. மஞ்சளைப் பற்றிக் கவலைப்படவில்லை. கறுப்பு டயலில் வெள்ளை முள் லேசாக மஞ்சளடித்தால் பழசாகிப்போன பெயின்ட் மாதிரி நன்றாகத்தான் இருக்கும்.

ஒட்டுவது

இந்தச் சின்ன வட்டத்தைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் தேடிப் பிடிக்க முடியாது. டிஷ்யூ காகிதத்தை நனைத்துத் தட்டில் விரித்து, வட்டங்களை அதன் மேல் வைத்தோம், பேனலில் எப்படி இருக்க வேண்டுமோ அதே வரிசையில். மேல் வரிசையில் இடமிருந்து வேகமானி, விமானம் சாய்வதைக் கோட்டால் காட்டும் செயற்கை அடிவானம், ஏறுவேகமானி. கீழ் வரிசையில் உயரமானி, திசை காட்டும் கைரோ, திரும்பல் சறுக்கல் காட்டி. அக்காலத்து பிரிட்டிஷ் போர் விமானங்களில் இந்த ஆறும் இதே வரிசையில் இருக்கும். ஒரு விமானத்தில் பழகியவன் அடுத்ததில் தேட வேண்டாம். நமக்கும் அது வசதி.

வளையத்துக்குள் மைக்ரோ செட் ஒரு பொட்டு வைத்தோம். வினிகர் வாடை அடிக்கும் இந்தத் திரவம் பசைக்கு உதவி செய்யும், படலத்தைப் பரப்பில் வழுக்க விடும். ஈரத் தூரிகை நுனியால் டயலைக் காகிதத்திலிருந்து நழுவ வைத்து வளையத்துக்குள் இறக்கி, பல்குச்சியால் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். டிஷ்யூவின் முனையை முறுக்கி ஓரத்தில் தொட்டால் மிச்ச ஈரத்தை உறிஞ்சிவிடும். துடைத்தால் டயல் டிஷ்யூவோடு வந்துவிடும். பத்து நிமிடம் கழித்து மைக்ரோ சால். இது வேறு மருந்து. படலத்தையே இளக்கிப் பள்ளத்தின் மூலை வரைக்கும் இறக்கும். இறங்குவதற்கு முன்னால் படலம் சுருங்கி உலர்ந்த திராட்சைத் தோல் மாதிரி ஆகும். அந்த நேரத்தில் பார்ப்பவனுக்கு வயிற்றைக் கலக்கும், கை தானாக நீளும். தம்பியின் கையும் நீண்டது. ஏறுவேகமானி இரண்டாகக் கிழிந்தது. ஷீட்டில் இன்னொன்று இருந்தது, தப்பித்தோம். அதன் பிறகு மருந்து வைத்தவுடன் இருவரும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவது என்று வைத்துக்கொண்டோம். அரை மணி கழித்து வந்து பார்த்தால் தானாகப் படிந்திருக்கும்.

ஒரு உட்காரலுக்கு மூன்று நான்கு டயல்தான் போட்டோம். அதற்கு மேல் கண் பூத்துவிடுகிறது. பெட்ரோல் அளவு, எண்ணெய் அழுத்தம், பூஸ்ட், ஆர்பிஎம் என்று சுற்றியிருந்த மற்றவையும் முடிய மார்கழி பிறந்துவிட்டது. சுவிட்சுகளுக்கு டெக்கால் வேண்டாம் என்று விட்டோம். காய்ந்த தூரிகையில் வெளிர் சாம்பலை மிச்சமாக வைத்து லேசாக உரசியதே போதும். அந்த அளவில் சுவிட்ச் என்பது ஒரு வெளிச்சப் புள்ளி, அவ்வளவே.

மேட் பூச்சு ஒன்று தூவியபின் பேனல் முழுவதும் மங்கிக் கறுத்தது. முதல் முறை பார்த்த வெள்ளி எங்கும் இல்லை. இனி கண்ணாடி. நெயில் பாலிஷ் வேண்டாம், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளியர் போதும். பல்குச்சி நுனியில் எடுத்து டயலின் நடுவில் தொட்டால் தானாக வளையம் வரை பரவி நிற்கும். ஒரே சொட்டில் நிரப்பினால் உள்ளே குமிழ் மாட்டும், நடுவில் உப்பிப் பூதக்கண்ணாடி ஆகும். இரண்டு தடவையாக, இடையில் ஒரு இரவு விட்டு வைத்தோம். பேனலைச் சாய்த்தால் கறுப்புப் பலகையில் டயல்கள் மட்டும் ஒவ்வொன்றாக மினுங்கி அடங்குகின்றன. பைண்டிங் கேட்டு வந்த ஒரு அம்மா ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "இதை எதுக்குள்ள வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னதும், "மூடிட்டா தெரியாதே" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் ஜெராக்ஸ் மெஷினுக்குக் காகிதம் வைக்கப் போய்விட்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் காக்பிட் சுவர்களின் சாம்பல் பச்சைக்கு நடுவே பேனலைப் பொருத்தினோம். ஒட்டிக் காய்ந்த பிறகுதான் தம்பி லென்ஸில் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினான்.

"அண்ணே, அடிவானம் கோணலா இருக்கு."

பார்த்தேன். உண்மைதான். மற்ற ஐந்தும் நேராக நிற்க, செயற்கை அடிவானத்தின் கோடு மட்டும் வலப்பக்கம் பத்து டிகிரி போலச் சாய்ந்திருந்தது. வட்டமாக வெட்டியதால் சுழன்றிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. பிய்த்து மறுபடி ஒட்டலாமா என்று கேட்டான்.

"உன் விமானம் பறக்குதா, நிக்குதா?"

"சக்கரத்தை இறக்கித்தானே ஒட்டியிருக்கு. நிக்குது."

"எஞ்சின் ஓடுதா?"

"இல்லைண்ணே."

அந்த டயலுக்குள் இருப்பது கைரோ, வேகமாகச் சுழலும் ஒரு சின்னச் சக்கரம். எஞ்சினோடு ஓடும் வாக்குவம் பம்ப், அதாவது காற்றை உறிஞ்சும் பம்ப்தான் அதைச் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் கைரோவும் வேகம் குறைந்து ஒரு பக்கமாகத் தலை சாய்த்து ஓய்ந்துவிடும். நிறுத்தி வைத்த விமானத்தில் அடிவானம் கோணலாகக் கிடப்பது சகஜம்.

தம்பி கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான், நான் சமாளிக்கிறேனோ என்று. அப்புறம் பசை பாட்டிலை எடுத்து உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்ட ஆரம்பித்தான்.